முருகைக்கு விலைச்சீட்டு வாசிக்கத் தெரியாது

கனடாவில் இருக்கிற எங்கள் நண்பன் ஒருவன் எங்களுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். நிலக்கீழ் அறை ஒன்றின் மூலையில் ஒரு சின்னக் கண்ணாடித் தொட்டி. அதற்கு மேலே, இரவு வேலை செய்கிற மேசன்மார் கொளுவிவிடுகிற மாதிரி இரண்டு அலுமினியத் தொப்பி விளக்குகள். ஒவ்வொன்றுக்குள்ளும் குசினியில் எரிகிற அதே எல்இடி பல்ப். தொட்டிக்குள்ளே காளான் மாதிரி விரிந்துபோய்ப் பன்னிரண்டு முருகைகள். "ரெண்டு வருசத்துக்கு முதல் மூண்டு தான் வாங்கினனான்" என்று கீழே எழுதியிருந்தான்.

அவன் களஞ்சியசாலை ஒன்றில் பெட்டி ஏற்றுகிறவன். முதன்முதலில் மீன்கடைக்குப் போய் முருகை வளர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, கடைக்காரர் காட்டியது முருகையை அல்ல. ஆயிரம் டொலரைத் தாண்டிய ஒரு விளக்கை. இது இல்லாமல் தொடங்கினால் அந்த உயிர்களைக் கொன்ற பாவம் உனக்கு என்கிற மாதிரி ஒரு புத்திமதி வேறு. பெடியன் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்துவிட்டான். பிறகு ஆறு மாதம் வாசித்தான். பிறகு பல்ப் வாங்கினான்.

இந்தக் கட்டுரை அந்தப் புத்திமதிக்கு எதிரானது. நல்ல விளக்கு விற்கிறவர்கள் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. காசு இல்லாதவனுக்கு அறிவும் இல்லை, அக்கறையும் இல்லை என்று நினைக்கிற அந்தப் பார்வை மேல் தான் கோபம். அது கனடாவில் மீன்கடையில் இருக்கிறது. இங்கே எங்களுடைய பாடசாலைகளிலும் இருக்கிறது. அதைப்பற்றிக் கடைசியில் வருகிறோம்.

முதலில் முருகை என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். எங்களில் கனபேருக்கு முருகை என்றால் கல்லு. நெடுந்தீவுக்குப் போனவர்கள் அந்த வெள்ளை மதில்களைப் பார்த்திருப்பீர்கள், முழுக்க முருகைக்கல். சுண்ணாம்புக்காகச் சூளையில் வைத்து எரித்ததும் இதைத்தான். ஆனால் உயிரோடு இருக்கும்போது முருகை ஒரு விலங்கு. கடலனிமனியின் சொந்தக்காரன். சின்னச் சின்னப் பொலிப்புகள் பல சேர்ந்து வாழ்கிற ஒரு குடியிருப்பு. கல்முருகைகள் தங்களுக்குக் கீழே சுண்ணாம்புக் கூட்டைக் கட்டிக்கொண்டே போகும். மென்முருகைகளும் காளான் முருகைகளும் அப்படிக் கல் கட்டாது.

இந்த விலங்கின் தசைக்குள்ளே சூசாந்தெல்லா என்கிற நுண்ணிய அல்காக்கள் இருக்கின்றன. அவை வெளிச்சத்தை எடுத்து ஒளித்தொகுப்புச் செய்து, உண்டாக்கிய உணவில் பெரும்பங்கை முருகைக்குக் கொடுக்கின்றன. முருகை அவற்றுக்கு இடமும் தன் கழிவில் இருக்கிற நைதரசனும் கொடுக்கிறது. ஆகவே முருகை வளர்ப்பது என்பது பாதி விலங்கு வளர்ப்பு, பாதி தோட்டம் செய்வது. வெளிச்சம் முக்கியம் என்று கடைக்காரர் சொன்னது சரி. அந்த வெளிச்சம் எங்கே இருந்து வரவேண்டும் என்று சொன்னது தான் பிழை.

"சாதாரண பல்பில் அந்த நிறமாலை இல்லை" என்பது அவர்களுடைய முதல் வாதம். கேட்க நல்ல விஞ்ஞானம் மாதிரி இருக்கும். உடைத்துப் பார்ப்போம்.

கடல்நீர் சிவப்பு வெளிச்சத்தை முதல் சில மீற்றர்களிலேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் ஆழம் போகப் போக மிஞ்சுவது நீலம். அதனால் முருகைக்குள் இருக்கிற அல்காக்கள் நீலத்தை நன்றாகப் பிடிக்கப் பழகியவை. அவற்றிலுள்ள குளோரபில் ஏ 430 நனோமீற்றர் பக்கத்தில் அதிகமாக உறிஞ்சும். குளோரபில் சி, பெரிடினின் என்கிற மற்ற நிறப்பொருட்கள் அதற்குப் பக்கத்து நீலத்தையும் நீலப்பச்சையையும் பிடிக்கும். இதை வைத்துத்தான் "நீல நிறமாலை" என்று பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டு எல்இடி பல்புக்குள் என்ன இருக்கிறது? அதற்குள்ளே இருப்பதும் நீல எல்இடி தான்! 450 நனோமீற்றர் அளவில் நீல வெளிச்சம் விடுகிற ஒரு சின்னச் சில்லு, அதற்கு மேலே மஞ்சள் பொஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதி பூச்சில் பட்டு மஞ்சளாக மாறுகிறது, மிச்சம் நீலமாகவே வெளியே வருகிறது. இரண்டும் கலந்து எங்கள் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்இடியைச் சாத்தியமாக்கியதற்குத்தான் 2014 இல் இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். நோபல் பரிசு பெற்ற அந்த நீலம் இன்றைக்குச் சில்லறைக்கடையில் தொங்குகிறது. பெட்டியில் "டேலைற், 6500 கெல்வின்" என்று போட்டிருக்கிற பல்பில் நீலம் அதிகம். "வோர்ம் வைற், 2700 கெல்வின்" என்று போட்டிருப்பதில் பூச்சு கூட, நீலம் குறைவு. வாங்கும்போது பார்க்கவேண்டிய முதல் விசயம் இது.

இரண்டாவது வாதம், "பல்பில் பலம் காணாது." இதையும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓ.எல். கணிதம் போதும்.

ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் வெளிச்சத்தை, ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் போட்டன் விழுகிறது என்று அளப்பார்கள். உச்சி வெயிலில் இது 2000 அளவுக்குப் போகும். காளான் முருகைக்கும் பெரும்பாலான மென்முருகைகளுக்கும் 50 இலிருந்து 150 வரை போதும். ஒரு 9 வொட் டேலைற் பல்ப் ஏறத்தாழ 850 லூமன் தரும். தொப்பி விளக்கில் போட்டு, அதில் பாதியாவது 30 சென்ரிமீற்றருக்கு 30 சென்ரிமீற்றர் தொட்டிக்குள் விழுகிறது என்று வைப்போம். 425 ஐ 0.09 சதுர மீற்றரால் பிரித்தால் 4,700 லக்ஸ் அளவு வரும். இந்த வகை வெள்ளை வெளிச்சத்தில் ஏறத்தாழ 70 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம். ஆகவே ஒரு பல்பில் 67. இரண்டு பல்பில் 130 தாண்டும். ஆழம் கூடக் கூட இது குறையும், சின்னத் தொட்டியில் அது பெரிய பிரச்சினை இல்லை.

நண்பன் தன் போனில் லக்ஸ் அளக்கிற செயலியைப் போட்டு, தொட்டியில் தண்ணீர் விட முதல் உள்ளே வைத்துப் பார்த்தான். அது ஆய்வுகூடக் கருவி இல்லை, முன்னபின்ன காட்டும். ஆனால் ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்கும் ஏறத்தாழத் தெரிந்திருப்பதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. ஆயிரம் டொலர் விளக்கை வாங்குகிற கனபேர் அந்த அளவுகூடப் பார்ப்பதில்லை. முழுப் பலத்தில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் முருகை வெளுத்துப்போய்க் கிடக்கிறது என்று அழுகிறார்கள். வெளிச்சம் குறைந்தால் முருகை மெதுவாக மெலியும், எங்களுக்குத் திருத்த நேரம் இருக்கும். கூடினால் சில நாளிலேயே வெளுத்துவிடும்.

மூன்றாவது வாதம் "நிறம் வராது" என்பது. இது உண்மை. ஒத்துக்கொள்கிறோம். வீட்டு பல்பில் முருகை கொஞ்சம் மண்ணிறமாகத்தான் தெரியும். அந்த மண்ணிறம் நோய் இல்லை, அது உள்ளே இருக்கிற அல்காக்களின் நிறம். கடைகளில் பச்சையும் செம்மஞ்சளுமாக மினுங்குவது, முருகையில் இருக்கிற ஒளிரும் புரதங்கள் ஆழ்ந்த நீல வெளிச்சத்தில் பளிச்சிடுவதால். அந்த மினுக்கம் பெரும்பாலும் எங்கள் கண்ணுக்காக. சாப்பாடு முருகைக்கு, கலர் எங்களுக்கு. கலருக்குக் காசு கொடுக்க விரும்புகிறவர்கள் கொடுக்கட்டும். அது சந்தோசம், அதில் பிழை இல்லை. கலருக்கான விலையை உயிருக்கான விலை என்று சொல்லி விற்பது தான் பிழை.

நேர்மையாக இன்னும் ஒன்றும் சொல்லவேண்டும். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடுகிற அக்ரோபோரா போன்ற கல்முருகைகளுக்கு 200, 300 மைக்ரோமோலுக்கு மேல் வேண்டும். பெரிய, ஆழமான தொட்டியில் அதை வீட்டு பல்பால் செய்யப்போனால் எட்டுப் பத்து பல்ப், வயர், சூடு என்று கடைசியில் ஒரு மோசமான விளக்கைத்தான் கட்டியிருப்பீர்கள். அங்கே நல்ல விளக்குக்கு நியாயம் இருக்கிறது. சமமாகப் பரப்பும், ஈரம் உள்ளே போகாது, காலை மாலை மாதிரி மெதுவாகக் கூட்டிக் குறைக்கலாம். எங்கள் சண்டை அந்த விளக்கோடு இல்லை. அது வாசற்காவலாளியாக நிற்பதோடு தான்.

இந்தக் காவலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 1961 இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர், கடல் உயிரினங்களைத் தொட்டியில் எப்படி வைத்திருக்கிறேன் என்று அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அவரிடம் இருந்தவை கடல்நீர், உயிருள்ள பாறைத் துண்டுகள், காற்றுக் குமிழிகள், சூரிய வெளிச்சம். அவ்வளவு தான். இன்றைக்கு உலகம் முழுக்க முருகைத் தொட்டிகளில் உயிர்ப்பாறை வைக்கிறார்களே, அந்த வழக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் அவர். எங்களைப் போன்ற வெயில் நாட்டுக்காரர் ஒருவர் காற்றுக் குமிழியோடு செய்து காட்டிய வேலை இது.

நாற்பத்தாறு வருடம் கழித்து, 2007 இல், கடல் மீன்தொட்டிக்கு எல்இடியால் வெளிச்சம் போடுகிற முறைக்கு அமெரிக்காவில் ஓர்பிட்டல் டெக்னொலஜிஸ் என்ற நிறுவனத்துக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. அந்தக் காலத்தில் சந்தைக்கு வந்திருந்த சொலாரிஸ் என்கிற எல்இடி விளக்கு, காப்புரிமைத் தகராற்றோடு காணாமல் போனது. கண்டுபிடித்தவருக்குப் பலன் வேண்டும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஜன்னல் வெயிலில் தொடங்கிய ஒரு வேலை, காலப்போக்கில் யாருடைய வேலையாக மாற்றப்பட்டது என்று யோசித்துப் பாருங்கோ.

முருகையை உண்மையில் கொல்லுவது எது? பெரும்பாலும் தண்ணீர். உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு அளவில் நிற்கவேண்டும். சூடு 25, 26 பாகை செல்சியசில் ஆடாமல் இருக்கவேண்டும். கல்முருகை என்றால் கல்சியமும் காரத்தன்மையும் குறையாமல் பார்க்கவேண்டும். நீர் ஆவியாகப் போனால் நன்னீர் தான் விடவேண்டும், உப்புநீர் இல்லை. ஏனென்றால் உப்பு ஆவியாகிப் போகாது. இவற்றுக்கு வேண்டியது கவனம், ஒரு கொப்பி, ஒரு உப்புமானி. விளக்குக்கே காசு முழுவதையும் கொட்டியவன் உப்புமானி வாங்காமல் விடுகிறான். பிறகு முருகை செத்ததும் இன்னும் விலை கூடின விளக்கு வாங்குகிறான்.

2022 இல் எங்கள் நாட்டில் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் நின்ற நாட்களை மறந்திருக்கமாட்டீர்கள். அப்படி ஒரு நாளில் தொட்டி இருந்தால் முதலில் செத்திருப்பது எதனால்? வெளிச்சம் இல்லாமல் அல்ல. மப்பும் மழையுமாக ஒரு நாள் போனால் முருகை தாங்கும். நீரோட்டம் நின்று ஒட்சிசன் குறைந்தால் தான் சாகும். அந்த நேரத்தில் உயிரைக் காப்பாற்றுவது பற்றரியில் ஓடுகிற ஒரு மலிவான காற்றுப் பம்பி.

இவ்வளவும் வாசித்துவிட்டு யாராவது "அப்ப நாளைக்கே கடலுக்குப் போய் ஒரு துண்டு முறிச்சுக்கொண்டு வாறன்" என்று எழும்பினால், நாங்கள் தோற்றுவிட்டோம். ஆகவே தெளிவாகச் சொல்கிறோம். கடலில் இருந்து முருகையை எடுக்கவேண்டாம். இந்த நாட்டில் கல்முருகைகள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை, அகழ்வது குற்றம். சட்டத்தை விடுவோம், 1998 இல் இந்து சமுத்திரம் சூடேறியபோது ஹிக்கடுவையில் எவ்வளவு முருகை வெளுத்துச் செத்தது என்று தெரிந்தவர்களுக்கு, மிஞ்சியிருப்பதை முறிக்கக் கை வராது. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று அறிவித்தார்கள். மலிவான பல்ப் என்பது மலிவான உயிர் என்று அர்த்தம் இல்லை. கனடாவில் நண்பன் வாங்கியவை இன்னொருவர் தொட்டியில் வெட்டிப் பிரித்து வளர்த்தவை. இப்போது அவன் தொட்டியில் பெருகியதை அவன் இன்னொருவனுக்குக் கொடுக்கிறான். அந்தச் சங்கிலியில் கடல் இல்லை. அது தான் சரியான வழி.

எங்களுக்கு இங்கே என்ன வேலை? இருக்கிறது. முருகை ஏன் வெளுக்கிறது என்பதை எங்கள் பிள்ளைகள் கரும்பலகையில் மட்டும் படிக்கிறார்கள். நிலாவெளியில் இருந்து புறாத்தீவுக்குப் படகில் போய்ப் பார்க்க எல்லார் வீட்டிலும் காசு இல்லை. ஆனால் அந்த வெளுப்பை ஒரு ஜாம்போத்தலுக்குள் பார்க்கலாம். ஐப்டேசியா என்று ஒரு சின்னக் கடலனிமனி இருக்கிறது. கடல் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது களை மாதிரி, தானாக வந்து பெருகித் தொல்லை கொடுக்கும், பிடுங்கி எறிவார்கள். அதன் தசைக்குள்ளும் முருகையில் இருக்கிற அதே வகை அல்கா. உலகத்தின் பெரிய ஆய்வுகூடங்களே முருகையைப் படிக்க முருகைக்குப் பதிலாக இதைத்தான் வளர்க்கிறார்கள்.

மூன்று போத்தல் எடுங்கோ. சுத்தமான கடல்நீர் விடுங்கோ. கடலில் இருந்து இல்லை, அலங்கார மீன் வளர்ப்பவரின் தொட்டியில் இருந்து, ஆசிரியர் ஊடாக, தேவையான அனுமதியையும் கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு அனிமனி விடுங்கோ. ஒன்றை 6500 கெல்வின் பல்பின் கீழ் வையுங்கோ, நாளுக்குப் பத்து மணித்தியாலம். இன்னொன்றை மஞ்சள் பல்பின் கீழ். மூன்றாவதைக் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கோ. கிழமைக்கு இரண்டு தரம் மூன்றுக்கும் ஒரே அளவில் ஒரு சிறு துணுக்கு இறால், பிறகு தண்ணீர் மாற்றம். சில கிழமையில் இருட்டில் இருப்பது மண்ணிறம் போய் வெளிறத் தொடங்கும். அல்கா போகிறது. அது தான் வெளுப்பு. கடலில் அதைச் செய்வது சூடு, இங்கே இருட்டு. போகிற பொருள் ஒன்று தான். மஞ்சள் பல்பில் என்ன நடக்கும்? நாங்கள் சொல்லமாட்டோம், பார்த்து எழுதுங்கோ.

உப்புத்தண்ணியும் மின்சாரமும் சேர்ந்தால் ஆபத்து. பல்பு தண்ணீருக்குள் விழாதபடி இறுக்கிக் கட்டுங்கோ, வயரை பிளக்குக்குக் கீழே தொங்கவிட்டு எடுங்கோ, ட்ரிப் சுவிச் வேலை செய்கிறதா என்று பாருங்கோ. முடிந்தபிறகு அனிமனியைக் கடலிலோ வாய்க்காலிலோ கொட்டவேண்டாம்.

இதற்கு ஆகிற செலவு இரண்டு பல்ப், இரண்டு ஹோல்டர், கொஞ்ச இறால். ஆனால் இதைச் செய்யவிடாமல் நிற்கப்போவது செலவு இல்லை. எங்களில் சிலர் படித்த பாடசாலையில் நுணுக்குக்காட்டி இருந்தது. அலுமாரிக்குள், பூட்டி. "பெடியள் உடைச்சுப் போடுவினம்" என்பது காரணம். ஏ.எல். முடியும்வரை நாங்கள் அதன் படத்தைத்தான் கீறினோம், பாகங்களைக் குறித்தோம், புள்ளி எடுத்தோம். கனடாக் கடைக்காரர் விளக்கைக் காட்டிச் சொன்னதும் அலுமாரிப் பூட்டுச் சொன்னதும் ஒன்று தான்: இது விலை கூடின விசயம், நீ தூர நில்.

தூர நின்றவர்களிடம் தான் பிறகு வந்து கடலைக் காப்பாற்று என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். தொட்டுப் பார்க்காத ஒன்றை எப்படிக் காப்பாற்றுவது?

ஆகவே எங்கள் கோரிக்கை சின்னது. கரையோரப் பாடசாலை ஒவ்வொன்றிலும் மூன்று போத்தலும் இரண்டு பல்பும் வைக்க ஒரு மேசை. உங்கள் பாடசாலையில் கேளுங்கோ, பழைய மாணவர் சங்கத்தில் கேளுங்கோ. அவர்கள் பெரிய ஆய்வுகூடம் கட்டித் திறப்புவிழா வைக்கலாம் என்று சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கோ. முதலில் இருக்கிற ஆய்வுகூடத்தின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கோ.